கதவை அடைத்த நாற்காலி

வலேரி வரைந்திருந்தது அப்பாவின் அறை. பிற்பகல் வெயில் சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்திருக்கிறது. கட்டிலில் அப்பா ரபேல் தூங்குகிறார். மூடிய கதவை ஒட்டி ஒரு நாற்காலி. அவ்வளவுதான். மாதா கோவில் கண்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாரும் "என்ன அமைதி!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் அதை வரைந்தது அண்ணன் டாரிலுக்காக. ஞாபகமறதி நோய் வந்த அப்பாவை ஒரு மாதமாவது ஜொகூர் பாருவில் அவன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். சொல்லிப் புரியாதது பார்த்தால் புரியும் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஐலீனோடு குளுவாங்கில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்த டாரில், படத்தின் முன் நின்று பெருமூச்சு விட்டான்.

"அலமாக்! எவ்வளவு நிம்மதியா தூங்குறாரு பாரேன்."

"அண்ணே, அந்த ஒரு மாசம்..."

"இந்த அமைதிய விட்டுட்டு எங்க மாடி வீட்டுல கொண்டுபோய் அடைக்கிறதா? பாவம் லா. நீயே இப்படி வரைஞ்சிட்டு நீயே கேக்குறியா?"

வலேரியின் படமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

ஐலீன் குனிந்து பார்த்தாள். "நாற்காலி ஏன் கதவ அடைச்சிட்டு இருக்கு?"

"அப்பா எழுந்து ரோட்டுக்குப் போயிடுவாரு, அண்ணி. நான் அதுலதான் தூங்குறேன்."

"ஆர்ட்டிஸ்டுன்னா இப்படித்தான். எல்லாத்துக்கும் ஒரு சோகக் கதை இருக்கும்" என்று டாரில் சிரித்தான். "இத எங்க ஹால்ல மாட்டிக்கிறேன், சரியா?"

வலேரி தலையாட்டினாள். அவன் படத்தைத் துண்டில் சுற்றி, காரின் பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் மாட்டினான். அப்பாவுக்காக அவள் கேட்ட இடத்தில் படம் போய் உட்கார்ந்தது.

"ஐலீன், ஏறு."

"நீங்க போங்க. நான் ரெண்டு நாள் இருந்துட்டு பஸ்ல வரேன்."

"வேலை?"

"லீவு சொல்லிக்கிறேன்."

கார் போன சிறிது நேரத்தில் அப்பா விழித்துக்கொண்டார். "யாரு நீ? திருடி!" என்று கத்தி, ஐலீன் நீட்டிய கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

"ஆமா மாமா, திருடிதான். ஒரு வாய் சாப்பிடுங்க."

ஒரு மாதம் கேட்டவளுக்கு இரண்டு நாள் கிடைத்தது. இது நியாயமில்லை, ஆண்டவருக்கும் அது தெரியும். ஆனாலும் அடுத்த அறையில் வலேரி காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று ஐலீன் சத்தமில்லாமல் தரையைத் துடைத்தாள். பிறகு வேறு கிண்ணத்தில் கஞ்சி எடுத்துவரப் போனாள்.