நாற்பத்திரண்டாவது தூண்

மேப்பில் பார்த்தால் எங்கள் நாட்டின் வடக்கு எல்லை ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. தரையில் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் அளந்துகொண்டே போனவர்களுக்கு ஓரிடத்தில் பாறை குறுக்கிட்டிருக்கும், ஓரிடத்தில் பொழுது சாய்ந்திருக்கும். தூண்களைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, தூண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எல்லை என்று முடிவு செய்துவிட்டன. ஆகவே உண்மையான எல்லை, தையல் பழகுகிறவள் முதல் நாள் ஓட்டிய தையல் மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது.

இந்தத் தையல் பேச்சு எனக்கு என் அண்ணியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. நான் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறேன். அண்ணி எங்கள் வீட்டை ஒட்டியே தையல் கூடம் வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடைதான் அதிகம். மூன்று மெஷின், இரண்டு வேலைக்காரப் பெண்கள், கூடத்தின் நீளத்துக்கு ஒரு வெட்டு மேசை. எங்கள் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். மெஷின் சத்தத்தில்தான் எனக்கு விடியும்.

கூடத்தின் பின்னால் வெறும் புல்தரை, அதற்கு அப்பால் அடுத்த நாடு. எல்லையிலிருந்து பத்தடிக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கூடம் கட்டியபோது அண்ணி அதைச் சும்மா விடவில்லை. நாற்பத்தொன்றாம் தூணுக்கும் நாற்பத்துமூன்றாம் தூணுக்கும் நடுவே தையல் நூலையே இழுத்துக் கட்டி, அதிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளித்தான் சுவரை எழுப்பினார். இடையில் ஒரு நாற்பத்திரண்டு இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்போது அங்கே புதர் மண்டிக் கிடந்ததால் அதைப் பார்த்தவர்களும் யாரும் இல்லை.

இரண்டு நாடும் சேர்ந்து தூண்களைச் சரிபார்க்கும் கூட்டு அளவை இந்த முறை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. எங்கள் தரப்பில் நான், அந்தத் தரப்பில் ஒரு தொப்பைக்காரர். இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி, அதனால் வம்புக்குப் பஞ்சமில்லை. தூணுக்குள் இரும்புக் கம்பி இருக்கும் என்பதால், இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்திருந்தார். கூடத்தின் பின்னால் கருவி போட்ட கூச்சலில் காகங்கள் பறந்தன.

"என்னங்க இது, வயக்காட்டுப் பேயாட்டம் கத்துது?" என்றார்.

பல வருஷமாகத் துண்டுத் துணியைக் கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடே உண்டாகியிருந்தது. துணியோடு உடைந்த ஊசி, குண்டூசி, துருப்பிடித்த கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள் கிடந்தன. எங்கே வைத்தாலும் கருவி கத்தியது.

"இதுல தூணைத் தேடுறதும் வைக்கோற்போர்ல ஊசி தேடுறதும் ஒண்ணு. இங்க ஊசிதான் எக்கச்சக்கமா இருக்கு" என்று அவர் கருவியை அணைத்தார். "காணாமப் போன தூணுக்கு விதி இருக்கே. ரெண்டு பக்கத்துத் தூணையும் நேர்கோட்டுல சேர்த்து, நடுவுல புதுசா நட்டுட வேண்டியதுதான். சாப்பிட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டுடலாம். நீங்க அதுக்குள்ள ஒரு தடவை கிளறிப் பாருங்க. இல்லைன்னு நீங்க சொன்னா எனக்குப் போதும்."

அவர் சாப்பிடப் போன பிறகு நான் கம்பியால் மேட்டைக் குத்திப் பார்த்தேன். மூன்றாவது குத்தில் டங் என்றது. மக்கிய துணியை விலக்கினேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டை, தலையில் தகடு, தகட்டில் நாற்பத்திரண்டு. நேர்கோட்டிலிருந்து ஆறடி எங்கள் பக்கம் தள்ளி நின்றது.

கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அண்ணியின் சுவர் எல்லையிலிருந்து ஆறடியில்தான் இருந்தது. நான்கு அடி இடிக்க வேண்டும். நான்கு அடி போனால் வெட்டு மேசை போகும், மேசை போனால் சீருடை வேலை போகும்.

நேராகக் கூடத்துக்குள் போய் அண்ணியிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

"யாரு பார்த்தா?"

"நான்தான்."

"வேற யாரும் பார்க்கலையே?"

"இல்லை அண்ணி."

"அப்புறம் என்ன? நீ எங்க வீட்டுப் பொண்ணு. துணியை மூடிட்டு வந்து சாப்பிடு."

"முடியாது அண்ணி. அவர் என்னை நம்பி, பார்க்காமலே கையெழுத்துப் போடறேன்னு சொல்றாரு."

"அவரு நம்பினாரு! நான் நம்பலையா?" அண்ணியின் குரல் ஏறியது. "உன்னைக் கட்டிக்கணும்னு என் தம்பி வந்து நின்னப்போ, இந்த வீட்டுல ஒருத்தராவது தலையாட்டினாங்களா? நான் ஒருத்திதானே எல்லார் வாயிலயும் விழுந்து எழுந்தேன்? அதுக்கு நீ செய்யற கைம்மாறா இது?"

சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா சொல்றதும் சரி, இவ சொல்றதும்..."

"நீ வாயை மூடு" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அன்று நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"நாளைக்கு வேற எவனாவது வந்து தோண்டினான்னா, மறைச்சதுக்காக மொத்தக் கூடத்தையும் இடிக்கச் சொல்வாங்க, அண்ணி. இப்போ நாலடியோட போகும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல என்பது அண்ணிக்கும் தெரியும். யாரும் வந்து தோண்டாவிட்டாலும் என்னால் மூட முடிந்திருக்காது.

"போ. உன் வேலையைப் பாரு" என்று கத்தரியை எடுத்துக்கொண்டார்.

தொப்பைக்காரர் திரும்பி வந்ததும், "இருக்கு, வாங்க" என்றேன். அவர் தகட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சுவரைப் பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்தார். நாங்கள் அளந்து முடிக்கும் வரை அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் கழுத்தில் தொங்கிய தன் டேப்பை எடுத்து, தூணிலிருந்து சுவர் வரை தானே ஒருமுறை அளந்தார். ஒரு விரற்கடை கூட மாறவில்லை.

"ஏங்க, தப்பா நட்டிருக்காங்கன்னு தெரியுதில்ல? பிடுங்கிச் சரியா நட வேண்டியதுதானே? நாங்க தையல் கோணலாப் போனா பிரிச்சுட்டுத்தான் மறுபடி தைப்போம்" என்று அவரிடம் கேட்டார்.

"ஒரு தையலைப் பிரிச்சா மொத்தத் துணியும் பிரியுமேம்மா. எங்க பக்கம் பாதி ஊரு உங்களுக்கு வரும், உங்க பக்கம் பாதி ஊரு எங்களுக்கு வரும். அப்புறம் ரெண்டு நாட்டு மந்திரியும் உங்க கூடத்துலதான் வந்து உக்காரணும்."

"வரட்டும். ஆளுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரேன்" என்றார் அண்ணி. அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. இடிக்க மூன்று மாதத் தவணை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டதும் அவர் கிளம்பினார்.

சாயங்காலம் வரை மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம் கோபமாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. டேப்பும் துணியில் கோடு போடும் சாக்பீஸுமாக அண்ணி எங்கள் அறைக்குள் வந்து நின்றார்.

"டேய், கட்டிலை நகர்த்து."

"எதுக்கு அக்கா?"

"உன் பொண்டாட்டி எனக்கு அந்தப் பக்கம் நாலடி குறைச்சுட்டா. இந்தப் பக்கம் நாலடி வர வேண்டாமா? வெட்டு மேசையை நடுத்தெருவுல போடச் சொல்றியா?"

என் கணவர் மறு பேச்சில்லாமல் கட்டிலை இழுத்தார். அண்ணி தரையில் மண்டியிட்டு, பொதுச் சுவரிலிருந்து நான்கு அடி அளந்து, அறையின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு கத்தி மாதிரி நேராக வந்தது. மறுகோடியில் இருக்கும் பக்கச் சுவரை நெருங்கும்போது நின்றது. அந்தச் சுவரில்தான் எங்கள் அறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல். கோடு அப்படியே போனால் ஜன்னல் கூடத்துக்குப் போய்விடும்.

அண்ணி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு கோட்டைத் திருப்பி, பழைய பொதுச் சுவர் வரைக்கும் பின்னால் கொண்டுபோய் முடித்தார். ஜன்னல் எங்கள் பக்கமே நின்றது.

"கோணலாப் போகுதே அக்கா" என்றார் என் கணவர்.

"போகட்டும். மேசை போட இது போதும். ஞாயித்துக்கிழமை ரெண்டு சுவரையும் இடிக்க ரெண்டு பேரும் வாங்க. கூலிக்கு ஆள் வைக்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை."

எழுந்தவர் டேப்பின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார்.

"பார்த்துட்டே நிக்கிறியே, பிடி. கட்டில் இனிமே எந்தப் பக்கம் கொள்ளும்னு பார்க்க வேண்டாமா?"

பிடித்துக்கொண்டேன்.