காது அடைச்சதுக்கு லீவா?

சளித் தடிமன் பிடித்த மூன்றாம் நாள் நேசராணிக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. தன் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. நமுனுகுல மலையில் பன்னிரண்டு வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் அவள். சும்மா லீவு கேட்டவளில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் பதியும்போது கங்காணி புவனேந்திரனிடம் போய் நின்றாள்.

"ரெண்டு காதும் அடைச்சிருக்குங்க. இன்னைக்கு வேலைக்கு வரலைங்க."

"காது அடைச்சதுக்கெல்லாம் லீவா? கொழுந்தக் கையாலதானே பறிக்கிற, காதாலயா?" என்று அவர் அவளுக்குக் கேட்கும்படியே கத்தினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறினாள்.

பத்து மணி போல மேல்மலையில் குளவிக்கூடு கலைந்தது. "குளவி! ஓடுங்க!" என்று கங்காணி கீழிருந்து கூப்பாடு போட, எல்லோரும் கூடையை எறிந்துவிட்டு ஓடினார்கள். நேசராணி குனிந்தபடி பறித்துக்கொண்டேயிருந்தாள். பக்கத்து நிரையில் பறிக்கும் பெரியாயிதான் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, மறுபடி மேலே ஏறி வந்து, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

நேசராணிக்கு இரண்டு கொட்டு. பெரியாயிக்குப் பதினொன்று. முகம் வீங்கி, கண் மூடிப்போய், அவளைத் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

"செவிட்டு மூதி! ஒன்னாலதான் இவளுக்கு இந்தக் கதி!" என்று கங்காணி நேசராணியின் முகத்துக்கு நேராகவே கத்தினார்.

லயத்து வீட்டுக்கு வந்தால், புருஷன் ஜீவராஜ் கொண்டை ஊசியும் சுடவைத்த எண்ணெயுமாக நின்றான்.

"சும்மா இரு, நோண்டி எடுத்துர்றேன்."

"என் காத ஒருத்தரும் தொட வேணாம்!" அவள் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்வாங்கினான். "சளிக்கு அடைச்ச காதுல ஊசிய விட்டா செவுடாத்தான் போவேன். தண்ணிய அடுப்புல வைங்க."

துண்டால் தலையை மூடி ஆவி பிடித்தாள். மூக்கை மெல்லச் சிந்தினாள். வெந்நீரில் நனைத்த துணியைப் பிழிந்து காதுக்குப் பின்னால் ஒத்தினாள். சுடுதண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கினாள். சாயங்காலமும் அப்படியே செய்தாள். மறுநாள் விடியலில் கொட்டாவி விட்டபோது வலது காது பொட்டென்று திறந்தது, சற்று நேரத்தில் இடதும். வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

பெரட்டில் வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாள்.

"கங்காணி ஐயா, காது அடைச்சிருக்குன்னு நேத்து இதே எடத்துல நின்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சரி சரி, மலைக்குப் போ."

"மலைக்கு ஏறு, எறங்குன்னு ஒங்க வாய்ச் சத்தத்த நம்பித்தானே நாங்க நிக்கிறோம். கேக்காதவள மேல ஏத்தி விட்டது யாரு? பெரியாயி அக்காவுக்கு விழுந்த கொட்டு ஒங்களால விழுந்தது. செவிட்டு மூதி நான் இல்ல. சொன்னதக் காதுல போட்டுக்காத நீங்கதான்!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பேரேட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் பதுளைக்குப் போறேன். லீவுன்னு எழுதுங்க."

அவர் எழுதினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரியாயி ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்தாள். "வந்துட்டியா? காது எப்புடி இருக்கு?"

நேசராணிக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.