நீலப் பெயின்றுக்குக் கீழே

"களவெண்டு நான் சொல்லேல்ல, றீற்றா..."

"வேற என்ன சொன்னீங்க? மாத்திப்போட்டான் எண்டா அதுக்கென்ன பேரு, அண்ணன்?"

"என்னக் கொஞ்சம் கதைக்க விடு..."

"கதைங்க, கதைங்க! மனிசன் மண்ணுக்குள்ள போய் ஒரு வருசமும் ஆகேல்ல. உயிரோட இருக்கேக்க வந்து கேட்டிருக்கலாமே. மறுமொழி சொல்ல ஆளில்ல எண்டு தெரிஞ்சுதானே இப்ப வந்திருக்கீங்க!"

றொபின்சன் தலையிலிருந்த இத்தாலித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். முந்தல் ஊரில் அந்த வெயிலுக்குக் கம்பளித் தொப்பி போட்டுத் திரிகிறவர் அவர் ஒருவர்தான்.

இருவருக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் இரண்டு பேஸ் கிட்டார்கள் கிடந்தன. ஒன்று றீற்றாவின் புருசன் செலஸ்தீன் விட்டுப்போனது. மற்றது றொபின்சன் தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டும் நீலம். வள்ளத்துக்குப் பூசுகிற அதே நீலம்.

அந்த நாளில் றொபின்சனும் செலஸ்தீனும் ஒரே இசைக்குழு. றொபின்சனிடம் இருந்தது கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய அசல் அமெரிக்கச் சாமான். ஒரே நாளில் இரண்டு கலியாணம் வந்தால் குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டுமே என்று, வள்ளம் கட்டுகிற பாறூக் ஓடாவியைப் பிடித்து, அதைப் பார்த்து அளவெடுத்து இன்னொன்று செய்வித்தார்கள். அது செலஸ்தீனுக்கு. றொபின்சன் இத்தாலிக்குப் போகும்போது தன்னுடையதைச் செலஸ்தீனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருசம் கழித்து வந்து திருப்பி வாங்கி, விரல் மடங்காத வாத வருத்தத்தால் வாசிக்காமல் அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்.

ஊரறிந்த கதை இவ்வளவுதான். றீற்றாவும் தன்னிடம் இருப்பது பாறூக் ஓடாவியின் கைவேலை என்றுதான் நினைத்திருந்தாள். மகள் நிசாந்தி அதைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டபோதுகூட 'பழைய கிட்டார்' என்றுதான் எழுதினாள். கொழும்பிலிருந்து ஒருவர், இதன் தலையைப் பார்த்தால் அசல் போலத் தெரிகிறதே, பரிசோதிக்க ஆள் அனுப்புகிறேன் என்றார். அந்தச் செய்தி றொபின்சனின் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? உன்னுடையது அசல் என்றால் என்னுடையது என்ன என்று காலையிலேயே வந்துவிட்டார்.

விற்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சாமான் அசலாக இருக்கட்டும் என்றுதான் நேர்ந்துகொள்வார்கள். றீற்றாவோ அது போலியாக இருக்கட்டும் என்று தலவில கோயில் அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். அசல் என்றால் செலஸ்தீன் கள்ளன்.

"ரெண்டு பேரும் சத்தத்த நிப்பாட்டினா நான் திருகாணியக் கழட்டுறன்," என்றார் நஸீம். புத்தளத்தில் வாத்தியங்கள் திருத்துகிறவர். கொழும்புக்காரர் அனுப்பிய ஆள் அவர்தான். "இல்லாட்டி நான் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

"கழட்டுங்க தம்பி. இது பாறூக் ஓடாவிட வேலைதான், பாத்துச் சொல்லுங்க."

நஸீம் செலஸ்தீனின் கிட்டாரைக் கவிழ்த்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி, கழுத்தை வேறாக்கினார். கழுத்தின் அடிக்கட்டையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அக்கா, இஞ்ச பாருங்க. பென்சிலால எழுதியிருக்கு. மாசம், வருசம். அறுபத்தாறு. கொம்பனியில செய்யேக்க எழுதினது. மரமும் எங்கட நாட்டு மரமில்ல. இது அசல்."

றொபின்சன் எழுந்தே விட்டார்.

"நான் சொல்லேல்லயா? நான்..."

"பொறுங்க அண்ணன், முடியேல்ல." நஸீம் கழுத்து பொருந்தியிருந்த குழியின் ஓரத்தைச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே மஞ்சள். முகர்ந்து பார்த்தார். "உடம்பு பலா. சுத்தப் பலா. இது ஓடாவிட வேலை."

"அதெப்பிடி?" என்றார்கள் இருவரும்.

"எனக்கும் விளங்கேல்ல. மற்றதத் தாங்க."

றொபின்சனின் கிட்டாரைக் கழற்றினார். உடம்பு சீமை மரம், பாரம் குறைவு. உள்ளே இருந்த சின்னக் குமிழ்களில் பழைய எண்கள். கழுத்தில் எழுத்துமில்லை, ஒன்றுமில்லை. வள்ளத்துக்குச் சட்டம் போடுகிற மரம்.

"வல்லாஹி, இருவது வருசத்தில நான் இப்பிடிக் காணேல்ல. அசலும் பாதி, போலியும் பாதி. ரெண்டிலயும்!"

"அப்ப கழுத்த மட்டும் மாத்தியிருக்கான்," என்றார் றொபின்சன். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"களவெடுக்கிறவன் முழுசா எடுக்காமப் பாதியா எடுப்பான், அண்ணன்?" என்றாள் றீற்றா.

"பேஸுக்குக் கழுத்துத்தானே உயிர்! வாசிக்கிறவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதா?"

நஸீம் திருகாணித் துளைகளில் விரலை வைத்துப் பார்த்தார். "எத்தினையோ தரம் கழட்டிப் பூட்டியிருக்கு. ஏன் இப்பிடிக் கழட்டினீங்க?"

"உப்புக் காத்துத் தம்பி. இரும்பெல்லாம் துருப்பிடிச்சிரும். வருசா வருசம் தலவில திருவிழாவுக்கு முதல் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பம். மிச்சப் பெயின்ற இதுகளுக்கும் பூசுவம். அதுக்கு முதல் கழட்டிக் கழுவிறது," என்றார் றொபின்சன்.

றீற்றா மேசையில் கழன்று கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். முற்றத்தில் விரித்த பாய். ஆளுக்கு அரைப் போத்தல் உள்ளே போட்டுவிட்டு, கை முழுக்க நீலத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு ஆண்கள். அவர்களின் கை படக்கூடாதென்று, மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொரு துண்டாகத் தேய்த்துக் கழுவிய ஒரு பெண். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பழைய நீலம். றொபின்சன் இத்தாலிக்குப் போவதற்கு முந்திய கிழமைதான் அவர்கள் கடைசியாக அப்படி உட்கார்ந்தது. அந்தத் திருவிழாவில் செலஸ்தீன் மேடையிலிருந்து இறங்கி வந்து, "இந்த வருசம் சாமான் பாடுதடி! மண்ணெண்ணெய் நல்ல மண்ணெண்ணெய்," என்று சொன்னானே!

"சொல்லு றீற்றா," என்றார் றொபின்சன். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நான் இல்லாத நேரம் அவன்தான் மாத்தினவனா? உனக்குத் தெரியாம இந்த வீட்டில ஒண்டும் நடக்காது."

நஸீம் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நீங்க போன பிறகு ஒருத்தரும் மாத்தேல்ல, அண்ணன். நீங்க போறதுக்கு முதல் கிழமை ரெண்டிட கழுத்தையும் உடம்பையும் கழுவித் துடைச்சு, ஆருட கை நீண்டிச்சோ அந்தக் கையில எடுத்துத் தந்தது நான்."