தண்ணீர் லாரி பின்னால் வந்ததற்கு ஓர் ஆடு

பல்கேரியாவில் எதையுமே நம்பாத மனிதன் என்று ஒருவனுக்குச் சிலை வைப்பதானால், அதை என் அண்ணன் ஸ்தாமெனுக்குத்தான் வைக்க வேண்டும். இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். மற்ற லாரிக்காரர்கள் முன்கண்ணாடியில் புனிதர் படத்தைத் தொங்கவிடுவார்கள். அண்ணன் வண்டியில் அந்த இடத்தில் காலுறை காய்ந்தது.

போன செப்டம்பரில் அந்த வண்டி மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. ஏற்றியிருந்தது வாசனை ஸ்பிரே டப்பாக்கள். தீப்பிடித்ததும் அவை படபடவென்று வெடித்து வானத்துக்குக் கிளம்பின. பட்டப்பகலில் புத்தாண்டு வாணவேடிக்கை! அண்ணன் கண்ணாடியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தபோது சட்டைக் கைகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த லாரி கிரீச்சென்று நின்றது. அதை ஓட்டி வந்தவர் கர்ஜலி ஊர்க்காரர் நஜ்மி. அவருடைய லோடு இருபது டன் குடிதண்ணீர் பாட்டில்.

நஜ்மி அண்ணனை இழுத்துப்போட்டு, மூடிகளைத் திருகித் திருகி ஊற்றினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. பற்கள் கிடுகிடுக்க அண்ணன் கேட்டானாம்: "யோவ், இது சோடாவா, சாதாத் தண்ணியா?"

"சாதாதான். வாய மூடு!"

ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் மாடியே அதிர அலறினான். அலறல் நின்றதும், "இனிமே எனக்குக் கை குடுக்கிறவன் தொடையைத்தான் புடிக்கிறான்" என்பான்.

அம்மா படுக்கை அருகே உட்கார்ந்து கேட்டாள். "அந்தத் தண்ணி லாரிய அனுப்புனது யாருடா?"

"லோடு ஏத்தற மேனேஜர்மா. வேணும்னா அவர் பேர்ல மெழுகுவத்தி ஏத்து."

எங்கள் பக்கத்தில் சாவிலிருந்து தப்பிய நாள் இரண்டாவது பிறந்தநாள். வருஷாவருஷம் ஆடு அடித்துப் பெரிய கொப்பரையில் சூப் வைத்துத் தெருவுக்கே கொடுப்பார்கள். அப்படிச் செய்வதாக அம்மா வேண்டிக்கொண்டாளாம். அண்ணன் சிரித்த சிரிப்பில் ஒட்டிய தோல் பிய்ந்துவிடுமோ என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"பொழச்சது நான், சாவுறது ஆடா? அதுவா வண்டிய ஓட்டுச்சு? இதுல சட்டிய நீட்டுறவன்கிட்டல்லாம் 'உடம்பு நல்லா இருக்கட்டும்'னு முணுமுணுக்க வேற வேணும். நான் டிரைவராம்மா, பாதிரியாரா?"

வருஷம் திரும்பியது. இடது கை தேறிவிட்டது. வலது கை மட்டும் பாதி மூடியதோடு நின்றுகொண்டது. முழுதாக மூடினால் மறுபடி லாரி. இல்லாவிட்டால் இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுவாரம் போய்க் காட்ட வேண்டும். அண்ணன் நாள் முழுக்க ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அந்த இரண்டாவது பிறந்தநாளன்றும் அப்படித்தான். முற்றத்தில் கொப்பரை கொதிக்க, தெரு முழுவதும் சட்டியோடு வரிசையில் நிற்க, அவன் மாடியில் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ரொட்டி தூக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று வாசலில் நஜ்மி!

அண்ணன் படிகளில் விழுந்தடித்து இறங்கினான். கட்டிக்கொண்டார்கள். "மெதுவாய்யா, தொடை வலிக்குது" என்றான். நஜ்மி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்தது. அம்மா அகப்பையைத் தூக்க, அவர் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணாம்மா. அன்னைக்கு நான் ஊத்துனேன்ல, இன்னைக்கு இவன் ஊத்தட்டும்."

"கை மூடாதுய்யா" என்றான் அண்ணன், மெதுவாக.

"சிந்தும், அவ்வளவுதானே? நான் மட்டும் சிந்தாமயா ஊத்துனேன்?"

வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அண்ணன் அகப்பையின் தடித்த மரக்காம்பில் வலது கையை வைத்தான். ஆட்காட்டி விரல் வளைந்தது. நடுவிரல். மோதிர விரல் பாதியில் நின்றது, நடுங்கியது, இறங்கியது. சுண்டுவிரல் கடைசியாகப் போய் உள்ளங்கையைத் தொட்டது. அகப்பை மேலே வந்தது. பாதி சூப் நஜ்மியின் ஷூவில்.

"மூடிருச்சு! டேய் தம்பி, மூடிருச்சுடா!" என்று என்னைப் பார்த்துக் கூவினான் அண்ணன்.

தெருவே கத்தியது. அம்மா முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டாள். நஜ்மி ஈர ஷூவோடு கிண்ணத்தை மறுபடி நீட்டினார். இந்த முறை ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

அம்மா அகப்பையை வாங்கக் கை நீட்டினாள். அண்ணன் கொடுக்கவில்லை. அடுத்தாற்போல் நின்ற எதிர்வீட்டு அத்தை சட்டியை நீட்டினாள். நிரப்பிவிட்டு, என்னை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"உடம்பு நல்லா இருக்கட்டும் அத்தை."

அதற்கு அடுத்தவரிடமும் அதையே சொன்னான்.