அழகுராஜாவின் நெஞ்சுத் துடிப்பு

அழகுராஜாவின் நெஞ்சுத் துடிப்பு ஊருக்கே கேட்க ஆரம்பித்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருடம், சிலமலைத் திருவிழாவில். அந்த வாரம் போடியில் ஏலக்காய் கிலோ எழுநூறு ரூபாய்க்குப் போனது; மழை இல்லை. போடியில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த மஸ்தானிடம் அவன் டிஜே. வார்த்தையே இல்லாமல் ஒரே சீராக இடிக்கிற வெளிநாட்டு இசையை லேப்டாப்பில் போட்டு, மெல்ல மெல்ல ஏற்றி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு மொத்தமாக இறக்குவான். அன்று அந்த ஒரு நொடியில் ஜெனரேட்டர் நின்றுபோனது. தூக்கிய கையை இறக்காமல் கூட்டம் காத்திருந்தது. அப்போது அவன் சட்டைக்குள்ளிருந்து அதே இடி கிளம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது. கூட்டம் ஆடியது.

மஸ்தான் ஓடிவந்து அவன் மார்பில் கை வைத்துப் பார்த்தார். "வலிக்குதா தம்பி?"

"வலிக்கலண்ணே. நிப்பாட்டத்தான் தெரியல."

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிய வேன் தேவைப்படவில்லை. அவனை மட்டும் பைக்கில் கூட்டிப்போனால் போதும். அந்த நாலைந்து வருடங்கள் எங்கே திரும்பினாலும் அந்த இசைதான். காதுகுத்து, சடங்கு, கல்லூரி விழா, மலையேறும் ஜீப்பு, ஒன்று பாக்கியில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு சாவு ஊர்வலத்துக்குக்கூட அவனை முன்னால் நடக்கவிட்டார்கள். சிலமலையில் நிலபுலனுள்ள பெரிய சம்சாரி மொக்கச்சாமி மட்டும், "பாட்டுக்குள்ள ஆளே இல்லையேப்பா" என்று சொல்லிப் பார்த்தார். மகன் கல்யாணத்தில் அவரும் வேட்டியை மடித்துக் கட்டி ஆடினார். ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த விடுதிகளுக்கு பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்தவர்கள் அவனைப் புல்தரையில் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அவன் ஆடியதில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, பஸ்சுக்குக் காத்திருப்பவனைப் போல நிற்பான்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்த ரேணுகா எல்லாக் கூட்டத்திலும் முதல் வரிசையில் ஆடியவள். அவளையே கட்டிக்கொண்டான். கல்யாணமான புதிதில் போடியில் அவர்கள் குடியிருந்த தெரு முழுக்க அவர்கள் வாசலில் வந்து ஆடியது. அவன் மார்பில் காதை வைத்துத்தான் அவள் தூங்குவாள். மூன்று வருடத்தில் இரண்டு காதும் அடைத்துப்போயின. "கேக்காட்டி என்ன மாமா, அதான் இடிக்குதுல்ல" என்றாள்.

ரேணுகா உண்டாகி எட்டாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை அசையவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் அழகுராஜாவை ஊர் எல்லை தாண்டிப் போகச் சொன்னார். போனான். ரேணுகாவின் வயிற்றில் கருவியை வைத்தபோது துடிப்பு நன்றாகக் கேட்டது. பிள்ளை நலம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேட்டது பிள்ளையின் துடிப்பில்லை. அத்தனை வருடத்தில் அவள் எலும்புக்குள் இறங்கியிருந்த அவனுடைய துடிப்பு. பிள்ளை இறந்தே பிறந்தது. அழகுராஜா இரண்டு தலையணைகளை மார்பில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். தலையணைகளைத் தாண்டியும் இடித்தது. அடுத்த தெருவில் பையன்கள் அதற்கும் ஆடினார்கள்.

பிறகு அந்த இசை இறங்கியது. இன்ன நாளில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு வைகாசியில் கல்யாண வீட்டார் பழைய சினிமாப் பாட்டு கேட்டார்கள். அடுத்த வைகாசியில் பறையும் நாதஸ்வரமும் திரும்பி வந்தன. இளவட்டங்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனித்தனியாகத் தலையாட்டினார்கள். மஸ்தான் பெட்டிகளை விற்றுவிட்டுப் பந்தல் சாமான் வாடகைக்கு விடத் தொடங்கினார். அழகுராஜாவின் துடிப்பு மட்டும் இறங்கவில்லை. வாசலில் வந்து ஆடிய அதே தெரு, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று போலீசுக்குப் போனது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வேறு யாரும் வீடு தரவில்லை. இருவரும் மலையேறி, ஒரு தோட்டத்தின் கடைசிச் சரிவில் குடிசை கேட்டு வாங்கிக்கொண்டு கூலிக்குப் போனார்கள். அவன் தூங்கினாலும் உட்கார்ந்தாலும் நெஞ்சு ஆட்டத்தின் வேகத்திலேயே ஓடியது. உடம்பு குச்சியாகிவிட்டது.

ஒருநாள் கீழே இறங்கிப்போய் மஸ்தானைப் பார்த்தான். "அண்ணே, ஒரே ஒரு வாட்டி கூட்டத்தக் கூட்டுங்க. எல்லாரும் ஆடி முடிச்சு, போதும்னு சொல்லிட்டா இது நின்னுரும்னு தோணுது."

மஸ்தான் நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்தினார். "நின்னா நீ போயிருவடா."

"தூங்கணும்ணே."

மஸ்தான் தன் செலவில் பந்தல் போட்டு, ஆட்டோ வைத்து ஊர் ஊராகச் சொல்லவைத்தார். சிலமலைத் திடலுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வந்தது. கல்லூரியில் படிக்கும் அனுப்பிரியா என்ற பெண், "இது எந்தப் படத்துல வர்றது அங்கிள்?" என்று கேட்டாள். வந்தவர்கள் செல்போனில் கொஞ்சம் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ரேணுகா செருப்பைக் கழற்றினாள். மண்ணில் காலை ஊன்றி, உள்ளங்காலில் அந்த இடியின் அதிர்வைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத பந்தலில் தனியாக ஆடினாள். வெயில் சாயும்வரை ஆடினாள். பிறகு காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கத்தினாள்: "போதும் மாமா! நான் ஆடி முடிச்சிட்டேன்! போதும்!"

நிற்கவில்லை.

திரும்பும் வழியில், ஜீப்பு மலையேறும்போது, அவள் தோளில் சாய்ந்தபடி அழகுராஜா செத்துப்போனான். ஓட்டிவந்த சுருளிக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. கை சில்லிட்டதை வைத்து ரேணுகாதான் கண்டுபிடித்தாள். டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, ஆள் இறந்து வெகு நேரமாகிறது என்றார். சுடுகாட்டில் வெட்டியான் துடிக்கிற மார்பின்மேல் விறகடுக்க மறுத்துவிட்டான். குடிசைக்குக் கீழேயே, ஏலச்செடிகளுக்கு நடுவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மஸ்தான் மூன்று கைப்பிடி மண் போட்டார்.

அந்தச் சரிவில் இன்றும் சத்தம் உண்டு. மழைக்காலத்தில் கொஞ்சம் அமுங்கிக் கேட்கும். ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வரும் வேலையாட்கள் முதல் நாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். "ஒண்ணுமில்லப்பா, அழகுராஜாதான். வெரசா காய எடுங்க" என்பார் கங்காணி. மறுநாள் ஓடமாட்டார்கள். ரேணுகாவுக்கும் அங்கேதான் காய் எடுக்கும் சோலி. மதியம் அவள் தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பாள். தண்ணீர் வட்டம் வட்டமாக அதிரும். அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அந்தத் தண்ணீரையே குடித்து எழுந்திருப்பாள்.