நாலு சிவப்புத் தையல்

மூன்று தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிய பிறகுதான் முன்னறையில் அக்காவைக் கிடத்த இடம் கிடைத்தது. நாலாவது அக்காவின் மெஷின். அதை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. செத்த பிறகும் அவள் இடம் அவளுக்கே என்று தங்கைக்கு எரிச்சல் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "அந்தக் கை இனி யாருக்கு வரும்!"

குழந்தைகளுக்கான கவுன்கள்தான் அவர்கள் தொழில். தைத்து முடித்தவர் கழுத்துப்பட்டியின் உள்ளே அடையாளமாக நாலு தையல் போட வேண்டும். அக்காவுக்கு நீலம், தங்கைக்குச் சிவப்பு. "நீல நூலா குடுங்க" என்று கடைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் தங்கைக்கு வயிறு எரியும். ஆர்டர் பெருகியதும், "மொத்தத்தையும் ஃபேக்டரிக்குக் குடுத்துடலாம்க்கா" என்று ஆறு மாதம் மல்லுக்கு நின்றாள். அங்கே நீலமும் இருக்காது, சிவப்பும் இருக்காது.

"குடுக்கலாம்டி. கடைசியா ஒருத்தி பார்த்து அனுப்பணுமே" என்பாள் அக்கா. பேச்சு அதோடு நின்றுவிடும்.

நேற்றுக் காலை அவள் நெஞ்சும் நின்றுவிட்டது. ஃபேக்டரிக்காரருக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இனி தடுக்க ஆளில்லை.

ஜவுளிக்கடை அம்மா தன் சின்ன மகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊரே உங்கக்காவைச் சொல்லும். எனக்கு உன் சிவப்பு நூல்தான் பிடிக்கும். போன மாசம் திருப்பி அனுப்பின கவுன்களை என்ன அழகா சரி பண்ணிக் குடுத்தே! ஒண்ணை இவளுக்கே போட்டுட்டேன், பாரு."

"திருப்பி அனுப்பினீங்களா?"

"கவுன்ல ஒரு கை வான்னுது, ஒரு கை போன்னுது, பின்னே என்ன பண்ண? 'சின்னவளே பிரிச்சுத் தைச்சுடுவா'ன்னு உங்கக்கா வாங்கிக்கிட்டாளே."

அக்கா இதைத் தங்கையிடம் சொன்னதே இல்லை. தங்கை குழந்தையை இழுத்துக் கழுத்துப்பட்டியைத் திருப்பினாள். நாலு சிவப்புத் தையல். கை கூடும் இடத்தில் துணியின் ஓரம் உள்ளே மடித்து, இரண்டாம் தையல் போட்டு, பிசிறில்லாமல் மூடியிருந்தது. அந்தப் பொறுமை அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

"நீதானே தைச்சே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மறுத்துச் சொல்ல வேண்டியவள் எதிரே கண்மூடிக் கிடந்தாள்.

"இல்லம்மா" என்றாள் தங்கை. "அக்கா தைச்சது."

அக்காவை எடுத்துப் போன பிறகு ஃபேக்டரிக்காரர் போனில் கூப்பிட்டார்.

"தையல் நீங்க போடுங்க. கழுத்துப்பட்டியை மட்டும் மூடாம அனுப்புங்க. பார்த்து முடிக்கிறது இங்கே" என்றாள் தங்கை.

"எதுக்கும்மா ரெட்டை வேலை?"

அவள் நாலாவது மெஷினின் முன் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தாள். நீல நூல்கண்டு பாதிக்கு மேல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கண்டு. இன்னும் இரண்டு சுற்று நூல்தான் மிச்சம்.