கண்ணுக்கு இரண்டு நந்தியாவட்டை

இரண்டாம் ஷிப்ட் வாரங்களில், காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு மல்லாந்துகொண்டு, "இசை, பூ" என்று என்னைக் கூப்பிடுவார். சுரங்க டவுன்ஷிப்பின் இருபத்தொன்றாவது வட்டத்தில் எங்கள் வீட்டு வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்கிற நந்தியாவட்டையில், ஈரம் காயாத இரண்டைப் பறித்து மூடிய இமைகள்மேல் வைப்பேன். நிலக்கரி வெட்டும் மைன்ஸ் பள்ளத்தில் புழுதி பறக்காமல் பாதைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டுகிறார். பதினெட்டு வருடமாகக் கான்ட்ராக்ட்தான், இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. கண் எரிச்சலுக்குப் பூ வைத்தால் குளிர்ச்சி என்று ஆரம்பித்துவைத்தவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று எனக்கும் வேலை ஓடவில்லை. பக்கத்தில் பாய் விரித்து, நானும் இரண்டு பூவை வைத்துக்கொண்டு படுத்தேன். இமைக்குள் இளஞ்சிவப்பாக எதுவோ மிதந்தது. தூரத்தில் நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சல் மழை போலக் கேட்டுக்கொண்டேயிருந்தது. நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "ரெண்டு மாசமா, சாயங்காலம் மைன்ஸ்ல லைட்டு போட்டா ஒவ்வொரு லைட்டும் விரியுது. இதே அடுக்கு நந்தியாவட்டை மாதிரி. பள்ளம் பூராவும் தோட்டம்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனுஷன் இப்படிப் பேசியதேயில்லை. "என்னையும் ஒரு நாளு கூட்டிகினு போங்க" என்றேன்.

"நேத்து அதுல ஒரு பூ நவுந்துச்சி. நல்லாருக்கேன்னு பாத்துகினே வந்தேன். கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது, டார்ச் புடிச்சிகினு ஒரு ஆளு. பிரேக்கு மேலயே ஏறி நின்னேன்."

பூவைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். என் பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது அவரும் தெருவிளக்கைப் பார்த்து இப்படித்தான் சொன்னார்.

"எழுந்திருங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அடுத்த வாரம் பர்மனென்ட்டுக்கு மெடிக்கல் இருக்கு. இப்பப் போனா லிஸ்ட்லேருந்து பேரு போயிடும். வேலை ஆவட்டும், அப்புறம் காட்டிக்கலாம். கண்ணு டெஸ்ட் போர்டுல இருக்கற எழுத்தெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன், கேக்கறியா?"

பூக்களை எடுக்காமலேயே, மேலிருந்து கடைசி வரிவரை ஒப்பித்தார். ஒரு திணறல் இல்லை. முடித்துவிட்டு, நான் சபாஷ் சொல்வேன் என்று காத்திருந்தார், பாவி மனுஷன். எனக்கும் அந்த வேலை வேண்டும், பொய் சொல்வானேன். ஆனால் டார்ச் பிடித்து வந்த ஆளின் வீட்டிலும் ஒருத்தி சோறு வடித்துவைத்துக் காத்திருந்திருப்பாள்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டு யூனிஃபார்ம் போட்டார். அதற்குள் நான் அவருடைய பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் தெரு முழுக்க வெயில் எரிந்தது.

"சாவி எங்க இசை? ஷிப்ட்டுக்கு நேரமாவுது."

வலது கையை உயர்த்தி, சாவியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஏழெட்டு அடி தூரம்தான். அவர் கண்ணைச் சுருக்கி என் பக்கம் பார்த்தார். அலமாரியைத் தடவினார். மறுபடி என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, "எங்கடி வச்சே?" என்றார்.

கை வலித்தது. இறக்கவில்லை.